எழுதினால் டாலர் வருமா?

பெரம்பலூர் ஜில்லாவில் ஒரு சிறு கிராமம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மத்தியான வேளை. தபால்காரர் வாசலில் வந்து நிற்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"என்னடா, வேலைக்கு ஆர்டர் வந்திருக்கா?"

"இல்லே தாத்தா, இது நம்பர் கடுதாசி!"

உறைக்குள் இருப்பது ஆறு இலக்கம் கொண்ட ஓர் எண். பணம் இல்லை, செக் இல்லை, உத்தியோக உத்தரவும் இல்லை. ஆனாலும் அந்த எண்ணுக்காகப் பேரன் பல மாதமாகத் தவம் கிடந்திருக்கிறான்.

அது என்ன எண்? யார் அனுப்பியது?

அனுப்பியது அமெரிக்காவில் உள்ள கூகுள் கம்பெனி. இணையத்தில் சொந்தமாக வலைப்பூ வைத்து எழுதுகிறவர்களுக்கு விளம்பரம் கொடுத்து, அதில் பங்கு தரும் ஏற்பாடு ஒன்று அந்தக் கம்பெனியில் இருக்கிறது. அதற்கு "ஆட்சென்ஸ்" என்று பெயர். எழுதியவரின் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், "கொடுத்த விலாசத்தில் இந்த ஆசாமி உண்மையாகவே இருக்கிறாரா?" என்று பார்ப்பதற்காகத் தபாலில் இந்த எண்ணை அனுப்புகிறார்கள். கண்மூடித் திறப்பதற்குள் செய்தி உலகத்தைச் சுற்றிவரும் இந்தக் காலத்திலும், கடைசியில் நம்முடைய தபால்காரரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது!

பெரம்பலூரிலும் அரியலூரிலும் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஏராளம். "எழுதினால் டாலர் கொட்டுமாமே!" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதே ஆசையைக் காட்டி அவர்களிடம் பணம் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தின் உள்ளும் புறமும் தெரிந்து கொள்வது நல்லது.

சுவரும் சுண்ணாம்பும்

அரியலூர் சிமெண்டுக்குப் பேர் போன ஊர். சிமெண்டு விளம்பரத்துக்கோ பஞ்சமே இல்லை. சாலையோரத்தில் ஒரு வீட்டுச் சுவர் வெறுமையாக இருந்தால் போதும். கம்பெனிக்காரர்கள் வந்து வெள்ளையடித்து, தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரருக்கு என்ன லாபம்? இலவசமாக வெள்ளையடித்த சுவர்! சாமர்த்தியசாலியாக இருந்தால் கொஞ்சம் வாடகையும் கிடைக்கும்.

வலைப்பூவும் இப்படி ஒரு சுவர்தான். ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. வீட்டுச் சுவரில் ஒரு தடவை எழுதிய விளம்பரம் மழையில் கரையும் வரையில் அப்படியே இருக்கும். இந்தச் சுவரில் பார்க்கிற ஆளுக்கு ஏற்றபடி விளம்பரம் மாறுகிறது. டிராக்டர் வாங்க விசாரித்துக் கொண்டிருப்பவருக்கு டிராக்டர் தெரியும். அதே நிமிஷத்தில் அதே பக்கத்தைத் திறந்த கல்லூரி மாணவிக்கு வேறு ஏதாவது தெரியும்.

இன்னொரு வித்தியாசம், சுவருக்கு மாத வாடகை கிடையாது. எத்தனை பேர் அந்தத் தெரு வழியாகப் போனார்கள் என்று எண்ணித்தான் கூலி.

இந்த ஏற்பாடு 2003-ம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று. விளம்பரக்காரர் கொடுக்கும் பணத்தில் எழுதுகிறவருக்கு நூற்றுக்கு 68 பங்கு என்பது கணக்கு. முன்பெல்லாம் விளம்பரத்தை யாராவது தட்டினால்தான் பெரும்பாலும் காசு. 2024 முதல், விளம்பரம் கண்ணில் படுவதற்கே கூலி என்று மாற்றிவிட்டார்கள்.

ஒரு பக்கத்துக்கு ஓர் ஏலம்

சந்தையில் வெங்காயம் ஏலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மூட்டையைக் காட்ட, வியாபாரிகள் விலையை ஏற்ற, கடைசியில் ஒருவருக்குப் படியும். வலைப்பூவில் ஒவ்வொரு தடவை ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போதும் இப்படி ஓர் ஏலம் நடக்கிறது. மனிதர்கள் கூடிக் கூவுவதில்லை. யந்திரங்களே கேட்டு, யந்திரங்களே முடித்துவிடுகின்றன. பக்கம் திறந்து முடிப்பதற்குள் ஏலமும் முடிந்துவிடும்.

ஏலம் போவது கட்டுரை அல்ல என்பதை எழுதுகிறவர்கள் முதலில் புரிந்து கொள்ள வேண்டும். ஏலம் போவது, படிக்கிறவருடைய கண். அவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், என்ன வாங்கக் கூடியவர் என்பதற்குத்தான் விலை.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி உயிரைக் கொடுத்து ஒருவர் எழுதுகிறார். கடன் வாங்குவது எப்படி என்று இன்னொருவர் ஏனோதானோவென்று எழுதுகிறார். இரண்டையும் சம எண்ணிக்கையில் மக்கள் படித்தால் யாருக்கு அதிகக் காசு? பெரும்பாலும் கடனைப் பற்றி எழுதினவருக்குத்தான்! வட்டிக் கம்பெனியும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் விளம்பரத்துக்கு வாரி இறைக்கும். ராஜேந்திர சோழனுக்கு விளம்பரம் கொடுக்க இன்று யார் இருக்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. செந்துறைப் பக்கத்துக் கிராமத் திருவிழாவைப் பற்றி ஒருவர் எழுதுகிறார். அதை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒருவர் செல்போனில் படிக்கிறார். அதே கிராமத்துப் பிள்ளை ஒருவன் சிங்கப்பூரில் வேலை முடிந்து, இரவில் படுக்கையில் சாய்ந்தபடி அதையே படிக்கிறான். எழுத்து ஒன்று, ஊர் ஒன்று, ஆனால் சிங்கப்பூரில் படித்தவனால் கிடைக்கும் காசு பல மடங்கு அதிகமாக இருக்கக் கூடும். அங்கே விளம்பரக்காரர்கள் கேட்கும் விலை அப்படி. இந்த இரண்டு ஜில்லாக்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் கொஞ்ச நஞ்சம் அல்ல. ஊரை விட்டுப் போனவர்கள் ஊரைப் பற்றிப் படிக்கத் துடிக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறவருக்கு ஆத்ம திருப்தியோடு இரண்டு காசும் கிடைக்கலாம்.

நூறு டாலருக்கு எத்தனை பேர்?

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்புவார்கள். நம்முடைய பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதுவரை சேர்ந்தது கணக்கிலேயே கிடக்கும்.

நூறு டாலர் சேர எத்தனை பேர் படிக்க வேண்டும்? ஏலத்தின் விலை தினம் ஒன்றாக இருப்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் தடவை பக்கம் திறக்கப்பட்டால் அரை டாலர் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் நூறு டாலருக்கு இரண்டு லட்சம் தடவை திறக்கப்பட வேண்டும். ஒரு வருஷத்தில் அதை எட்ட வேண்டுமானால் தினம் சுமார் 550 தடவை. ஆறு மாதத்தில் என்றால் தினம் 1,100. மாதா மாதம் நூறு டாலர் வேண்டுமானால் தினமும் ஆறாயிரத்து அறுநூறுக்கு மேல்!

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன் பலருக்கு முகம் சுருங்கிவிடும். சுருங்கட்டும். கணக்குத் தெரியாமல் வேலையை விட்டுவிட்டு உட்காருவதை விட அது மேல்.

இந்தத் தொழிலிலேயே வாழ்ந்து காட்டியவர்களும் இல்லாமல் இல்லை. ஆக்ராவைச் சேர்ந்த அமித் அகர்வால் என்ற எஞ்சினீயர் 2004-ல் உத்தியோகத்தை விட்டு, கம்ப்யூட்டர் நுணுக்கங்களைப் பற்றி வலைப்பூ எழுதத் தொடங்கினார். இந்தியாவில் இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட முதல் மனிதர் என்று அவரைச் சொல்லுவார்கள். ஆனால் அவர் எழுதியது இங்கிலீஷில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதைப் படித்தார்கள். தமிழில் எழுதியவர்களின் கதை வேறு.

கூட்டம் இருந்தது, காசு இல்லை

தமிழில் வலைப்பூக்கள் 2003 வாக்கில் மலரத் தொடங்கின. 2004-ல் காசி ஆறுமுகம் என்பவர் "தமிழ்மணம்" என்ற திரட்டியைத் தொடங்கினார். யார் எங்கே புதிதாக எழுதினாலும் அதை ஒரே இடத்தில் காட்டும் ஏற்பாடு அது. அந்த நாட்களில் அங்கே நடந்த வாதங்கள் என்ன, கேலி என்ன, சண்டை என்ன! சென்னையில் இருந்தவரும் கனடாவில் இருந்தவரும் யாழ்ப்பாணத்தில் இருந்தவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது போல எழுதினார்கள். அந்தக் காலத்தில் எழுதிப் பழகிய பலர் பிற்பாடு புத்தகம் போட்டார்கள், பத்திரிகைக்குப் போனார்கள், சினிமாவுக்கும் போனார்கள்.

எழுதிய அவ்வளவு பேருக்கும் கிடைத்த விளம்பரப் பணம் எவ்வளவு? அநேகமாகப் பூஜ்யம்.

ஆட்சென்ஸ் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லாததே காரணம். இந்திக்கு 2014 டிசம்பரில் இடம் கிடைத்தது. வங்காளிக்கு 2017-ல் கிடைத்தது. தமிழுக்குக் கிடைத்தது 2018 பிப்ரவரியில். ஏற்பாடு தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகப் போகும் சமயம் அது!

அதற்குள் என்ன ஆயிற்று? தெருவில் கூட்டம் கலைந்துவிட்டது. வலைப்பூவில் வாதம் செய்தவர்கள் பேஸ்புக்குக்குப் போனார்கள். படிக்க நேரமில்லாதவர்கள் யூடியூபில் படம் பார்க்கப் போனார்கள். கூட்டம் இருந்தபோது காசு இல்லை. காசுக்கு வழி பிறந்தபோது கூட்டம் இல்லை. தமிழ் வலைப்பூக்காரர்களின் அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்ல!

கூட்டம் போன பக்கத்தில் காசும் போயிற்று. அதற்கு நமக்குப் பக்கத்து ஜில்லாவைத் தாண்டினாலே உதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டை ஜில்லாவில் சின்னவீரமங்கலம் என்ற கிராமம். சமையல் வேலை செய்து வந்த பெரியதம்பி என்ற பெரியவரும் அவருடைய பேரப் பிள்ளைகளும் 2018 ஏப்ரலில், வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் படம் பிடித்து யூடியூபில் போட ஆரம்பித்தார்கள். அண்டா அண்டாவாகச் சமைப்பதும், சமைத்ததை முதியோர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் பரிமாறுவதும்தான் படம். 2021 ஜூலையில் அந்தப் படங்களுக்கு ஒரு கோடி சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சானல் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் முதல் மந்திரியின் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

அங்கேயும் பணம் வரும் வாய்க்கால் விளம்பரம்தான். யூடியூபில் நீண்ட படங்களுக்கு விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 பங்கு படம் போட்டவருக்கு. சமையலைப் பார்க்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. எழுத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தமிழ் தெரிந்தவர்தான் தமிழைப் படிக்க முடியும்.

அப்படியானால் எழுதுவது வீண்தானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. படத்தை ஓடவிட்டுத் தேட முடியாத விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. நடுராத்திரியில் ஒரு விவசாயி, "சின்ன வெங்காயத்தில் திருகல் நோய்க்கு என்ன செய்வது?" என்று தேடுகிறார். அவருக்கு வேண்டியது அரை மணி நேரப் படம் அல்ல. நாலு வரி விடை.

காலடியில் கிடக்கும் கட்டுரைகள்

எதைப் பற்றி எழுதுவது என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெரம்பலூரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். வயது 12 கோடி வருஷம் என்கிறார்கள். மரம் முழுவதும் கல்! பெரம்பலூர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் அலை அடித்தது என்பதற்குச் சாட்சி அது. இந்திய மண்ணியல் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகத்துக்குத் தெரிவித்தார். காரை, குளக்காநத்தம் பக்கத்து ஓடைகளில் கடல் நத்தைகளின் கல்லுருவங்கள் காலில் இடறுகின்றன. அரியலூர் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுப்பதும் அந்தப் பழைய கடல்தான்.

1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்தது. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டு விலகினார். அந்த ராத்திரியின் மழையைப் பற்றிச் சொல்லக் கூடிய கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். அவர்கள் வாயால் கேட்டு எழுதினால், அது வேறு யாரிடமும் கிடைக்காத கட்டுரை. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், ரஞ்சன்குடிக் கோட்டை, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரிக்கு வரும் வாத்துகள், ஜயங்கொண்டம் பக்கத்து முந்திரி, வெங்காயத்தைப் பட்டறை போட்டு மாதக் கணக்கில் காப்பாற்றும் விதம் — அடுக்கிக் கொண்டே போகலாம்.

இவற்றில் எது காசு தரும்? பட்டறை தரலாம், விதை வியாபாரிக்கும் மருந்து வியாபாரிக்கும் அந்த வாசகர் வேண்டும். கல்மரம் அவ்வளவாகத் தராது. ஆனால் கல்மரத்தைப் பற்றிய கட்டுரை பத்து வருஷம் ஆனாலும் பழசாகாது. யாராவது பள்ளிக்கூட வாத்தியார் தேடிக் கொண்டேதான் இருப்பார். பரீட்சை முடிவு, சினிமா வதந்தி முதலியவை அன்று மாலையே செத்துவிடும். என்னைக் கேட்டால், மூன்று பங்கு பட்டறையும் ஒரு பங்கு கல்மரமுமாக எழுதச் சொல்லுவேன்.

ஓர் எச்சரிக்கை. இங்கிலீஷில் இருப்பதை யந்திரத்தைக் கொண்டு மொழிபெயர்த்து, தினம் ஐம்பது பக்கம் போட்டுத் தள்ளிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இதற்கென்று தனி விதி போட்டது. இப்படி மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளுகிறார்கள். அடியோடு நீக்குவதும் உண்டு. அது போதாதென்று, கேள்விக்கு விடையைத் தேடுபொறியே பக்கத்தின் உச்சியில் சுருக்கிச் சொல்லிவிடும் வழக்கமும் வந்துவிட்டது. விடை அங்கேயே கிடைத்தபின் நம்முடைய வாசலுக்கு எதற்கு வருவார்கள்? எல்லாரும் எழுதுவதையே நாமும் எழுதினால் இந்த அடி பலமாக விழும். நேரில் போய்ப் பார்த்து, கேட்டு எழுதியதற்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது.

தட்டுங்கள் பணம், கட்டுங்கள் பணம்!

"வீட்டிலிருந்தபடியே விளம்பரத்தைப் பார்த்தால் போதும், தினம் இவ்வளவு ரூபாய்!" என்று சொல்லிக்கொண்டு வரும் ஆசாமிகள் வேறு ஜாதி. வலைப்பூ வருமானத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது. 2024-ம் வருஷ ஆரம்பத்தில் கோயம்புத்தூரில் இப்படி விளம்பரம் பார்க்கப் பணம் என்று சொல்லி, அதற்குச் சந்தாவும் வசூலித்த ஒரு கம்பெனியின் மீது போலீசார் வழக்குப் போட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், சந்தா கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கம்பெனிக்கு ஆதரவாக வந்து நின்றார்கள்! போட்ட பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கை மனிதனை அந்த மட்டுக்கும் கொண்டு போகும்.

ஆட்சென்ஸில் சேர ஒரு காசும் கட்ட வேண்டாம். 2003-ல் கூகுள் வாங்கிய "பிளாகர்" என்ற வசதியில் வலைப்பூ தொடங்கவும் காசு வேண்டாம். சொந்தப் பெயரில் விலாசம் வேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு சிறு தொகை, அவ்வளவுதான். "அனுமதி வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் கொடு" என்பவர் ஏமாற்றுகிறார் என்று வைத்துக் கொள்ளலாம். பயிற்சி வகுப்பு என்ற பேரில் பெருந்தொகை கேட்பவரிடம், "உங்கள் வலைப்பூவில் போன மாதம் எவ்வளவு வந்தது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நம் பையன்களும் ஒரு தப்புச் செய்கிறார்கள். சொந்த வலைப்பூவின் விளம்பரத்தைத் தாமே தட்டுவது. சிநேகிதர்களை விட்டுத் தட்டச் சொல்லுவது. யந்திரம் கண்டுபிடித்துவிடும். கணக்கை மூடிவிட்டால், சேர்ந்த பணமும் போகும். மேல் முறையீடு என்று ஒன்று உண்டு, ஜெயிப்பது கஷ்டம்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் தாயார் அல்லது தகப்பனார் பெயரில்தான் கணக்குத் தொடங்க வேண்டும். வரி விவரப் படிவம் கேட்பார்கள். நிரப்பிக் கொடுக்க வேண்டும். வருகிற வருமானத்தை நம் ஊர் வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும். பணம் மாதத்தில் 21-ந் தேதி முதல் 26-ந் தேதிக்குள் பாங்கியை நோக்கிப் புறப்படும். பாங்கிக் கிளைக்கு "ஸ்விப்ட்" எண் உண்டா, இல்லாவிட்டால் எந்தக் கிளை வழியாக வரும் என்று முன்னாலேயே விசாரித்து வைத்துக் கொள்வது உத்தமம்.

இனி, முதலில் சொன்ன கடிதம். பல பேருக்கு இது வந்து சேருவதே இல்லை. காரணம் கூகுளும் அல்ல, தபால்காரரும் அல்ல. "மாரியம்மன் கோவில் பக்கத்தில்" என்று மட்டும் விலாசம் எழுதினால் எந்த ஊர் மாரியம்மனைத் தேடுவது? தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, கிராமம், தபால், தாலுகா எல்லாம் இருக்க வேண்டும். முக்கியமாகப் பின்கோடு. பெரம்பலூர் டவுனுக்கு 621212. அரியலூர் டவுனுக்கு 621704. கிராமத்துக்குக் கிராமம் மாறும். தபாலாபீசில் கேட்டு எழுத வேண்டும். இந்த ஆறு இலக்கம் சரியாக இருந்தால்தான் அந்த ஆறு இலக்கம் வந்து சேரும். இரண்டு முதல் நாலு வாரத்தில் வரும். நாலு மாதத்துக்குள் அந்த எண்ணைக் கணக்கில் பதியாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். வரவில்லையென்றால் மறுபடி கேட்டு வாங்கலாம். அப்படியும் வராமல் போனால், சர்க்கார் கொடுத்த அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பலாம். அதில் உள்ள பெயரும் கணக்கில் எழுதிய பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் கட்டுரைக்கு மட்டும் அதை வைத்துக் கொண்டு, கணக்கில் தகப்பனார் வைத்த பெயரையே எழுதுவது நல்லது.